வாடையும் சோளகமும்: தீவகத்தின் காற்றையும் மழையையும் வாசித்தல்



தீவகத்தில் ஆறு இல்லை. வன்னியில் இருப்பதுபோல் பெரிய குளமோ வாய்க்காலோ இல்லை. வேலணை, புங்குடுதீவு, ஊர்காவற்றுறை, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர் எல்லாமே வானத்தை நம்பிய மண். மாரியில் பெய்யும் மழையே நெல்லுக்கும் கிணற்றுக்கும் மாட்டுக்கும் ஆண்டு முழுவதற்குமான தண்ணீர். அந்த மழையைக் கொண்டு வருவதும் காற்று, பிறகு நிலத்தைக் காய வைப்பதும் காற்று. ஆகவே தீவகத்தில் கமம் செய்ய விரும்புகிறவர் மண்ணைப் படிக்கும் அளவுக்குக் காற்றையும் படிக்க வேண்டும்.

முன்பு இந்தப் படிப்புக்குப் பள்ளிக்கூடம் தேவைப்படவில்லை. தகப்பனுக்குப் பின்னால் வயலுக்குப் போன பிள்ளை தானாகவே கற்றுக்கொண்டது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி மக்கள் ஊரை விட்டு வெளியேறினார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நிகழ்ந்த பெரும் இடப்பெயர்வில் அவர்களிற் பலர் இரண்டாவது முறையும் மூட்டை கட்டினார்கள். யுத்தம் 2009இல் முடிந்தபின் சிலர் திரும்பினார்கள். இன்னும் பலர் யாழ்ப்பாண நகரிலும் வவுனியாவிலும் வன்னியிலும் வேரூன்றிவிட்டார்கள். காணி உறுதி கையில் இருக்கிறது. ஆனால் எந்தக் காற்றுக்கு எந்த வேலை என்ற அறிவு ஒரு தலைமுறையோடு அறுந்துபோகும் நிலையில் இருக்கிறது. பேரப்பிள்ளை கடன் எடுத்து விதைநெல் வாங்கி, ஒரு பிழையான மழையை நம்பி விதைத்தால், அந்த ஒரு போகத்தோடு ஊருக்குத் திரும்பும் எண்ணமே கைவிடப்படலாம். அதனால்தான் இந்தப் பாடம். குடும்பமாக இருந்து வாசியுங்கள். வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் அறிந்ததையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. காற்றுக்கு நாம் வைத்த பெயர்கள்

எங்கள் முன்னோர் காற்றுக்குத் திசையை வைத்துப் பெயர் சொன்னார்கள். வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசுவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். இடத்துக்கு இடம் இப்பெயர்கள் சற்று மாறும். மட்டக்களப்புப் பக்கத்தில் கச்சான் என்றால் நிலத்தைத் தாண்டி வரும் வறண்ட வெப்பக் காற்று என்று உடனே புரிந்துகொள்வார்கள். தீவகத்தில் கடற்றொழிலாளருக்கும் கமக்காரருக்கும் இந்தப் பெயர்கள் பொதுச்சொத்து. நெடுந்தீவைக் களமாக வைத்துச் செங்கை ஆழியான் எழுதிய நாவலுக்குப் பெயரே 'வாடைக்காற்று'. அவர் புவியியல் படித்தவர் என்பதும் நினைக்கத்தக்கது.

பள்ளிப் புத்தகம் இதே காற்றுகளை வேறு பெயரால் சொல்லும். வாடை அங்கே வடகீழ்ப் பருவக்காற்று. சோளகம் தென்மேல் பருவக்காற்று. பெயர் இரண்டானாலும் பொருள் ஒன்றே. வானொலியில் 'வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி' என்று கேட்டால் 'வாடை' என்று மனதில் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு அப்போது உங்கள் வயலுக்கு அருகில் வந்துவிடும்.

2. காற்று ஏன் திசை மாறுகிறது?

பூமத்திய ரேகைக்கு அண்டிய பகுதியில் வெயில் அதிகம். அங்கே சூடேறிய காற்று மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் காற்று ஓடி வருகிறது. பூமி சுழல்வதால் அவை நேராக வராமல் சரிந்து வருகின்றன. வட பாதியில் அது வடகிழக்கிலிருந்தும், தென் பாதியில் தென்கிழக்கிலிருந்தும் வீசும். உலகைச் சுற்றி ஏறக்குறைய மாறாமல் வீசும் இக்காற்றுகளையே தடக்காற்று அல்லது வியாபாரக் காற்று என்கிறார்கள். பாய்க்கப்பல் காலத்தில் மாலுமிகள் இவற்றை நம்பியே பெருங்கடல்களைக் கடந்தார்கள்.

இரு பக்கத்துக் காற்றும் வந்து சந்திக்கும் இடத்தில் முகில் திரண்டு மழை பெய்யும். இந்தச் சந்திப்பு வலயம் ஓரிடத்தில் நிற்பதில்லை. சூரியன் வடக்கே நகரும்போது அதுவும் வடக்கே போகிறது, சூரியன் தெற்கே திரும்பும்போது அதுவும் திரும்புகிறது. ஆசியாக் கண்டம் பெரிய நிலம் என்பதால் இங்கே இந்த அசைவு மிகப் பெரிது. சித்திரை, வைகாசிக்குப் பின் இந்திய நிலப்பரப்பு சூடேறும்போது, தென் பாதியின் தடக்காற்று பூமத்திய ரேகையைத் தாண்டி, வலப்பக்கம் வளைந்து, தென்மேற்குக் காற்றாக எங்களிடம் வருகிறது. அதுதான் சோளகம். ஐப்பசிக்குப் பின் சந்திப்பு வலயம் எங்களைக் கடந்து தெற்கே போக, வட பாதியின் சொந்தத் தடக்காற்று வங்காள விரிகுடாவைத் தடவிக்கொண்டு வருகிறது. அதுதான் வாடை.

இந்தக் காற்று மாற்றமே தீவகத்தின் பழைய வாழ்வையும் வகுத்தது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு நயினாதீவில் இருக்கிறது. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து இறங்க வேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அது சொல்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மிகுதி சொந்தக்காரருக்கும், வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்றும் விதிக்கிறது. இந்தக் கடலில் காற்று கப்பலை உடைப்பது சட்டம் எழுதும் அளவுக்கு வழமையான நிகழ்ச்சியாக இருந்திருக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். அந்தப் பாய்மர அறிவு நெடுங்காலம் நிலைத்தது. வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது.

3. உயர்ந்த தீவும் தாழ்ந்த தீவும்

'வாடையும் ஈரக்காற்று, சோளகமும் கடலைத் தாண்டி வரும் காற்று. அப்படியிருக்க ஒன்று மழை தருகிறது, மற்றது ஏன் தருவதில்லை?' இது நல்ல கேள்வி. விடை காண உலகத்தின் மறு பக்கத்துக்கு ஒருமுறை போய்வருவோம்.

பசிபிக் கடலின் நடுவே ஹவாய்த் தீவுத்தொடர் இருக்கிறது. அங்கே ஆண்டின் பெரும்பகுதி வடகிழக்குத் தடக்காற்று வீசுகிறது. தீவுகளில் உயர்ந்த எரிமலைகள் உண்டு. காற்று மலையில் மோதி மேலேறும்போது குளிர்ந்து மழையாகிறது. காற்றுக்கு முகம் கொடுக்கும் ஹிலோ நகரத்தில் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. கவாய்த் தீவின் வையாலெயாலே மலையில் 10,000 மில்லிமீற்றரையும் தாண்டும். அதே பெரிய தீவில் மலைக்குப் பின்பக்கத்துக் கரையோரத்தில் 250 மில்லிமீற்றர் அளவே கிடைக்கும் இடமும் உண்டு. ஒரே காற்று, ஒரே தீவு. மலையின் முன்புறம் காடு, பின்புறம் வறள்நிலம்.

இப்போது இலங்கைக்கு வருவோம். சோளகம் வீசும் காலத்தில் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவுகள் ஹிலோவைப் போல நனைகின்றன. இரத்தினபுரியிலும் வட்டவளையிலும் கொட்டுகிறது. வடக்கும் கிழக்கும் வறண்டு கிடக்கின்றன. எங்கள் தீவுகளில் மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல் மேசை போன்ற தட்டை நிலம். ஈரக்காற்று வந்தாலும் அதை மேலே தூக்கிவிட ஒரு மேடு இல்லாததால் அது கடந்து போய்விடும்.

அப்படியானால் வாடைக் காலத்து மழை எங்கிருந்து வருகிறது? வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழமுக்கங்களும், காற்றுகள் சந்திக்கும் வலயமும், கிழக்கிலிருந்து அலை அலையாக வரும் குழப்பங்களுமே காற்றை மேலே தூக்குகின்றன. மலை செய்யாத வேலையைத் தாழமுக்கம் செய்கிறது. ஆகையால் தீவகத்தின் மழை நாளொரு தூறலாக வராமல், இரண்டு மூன்று நாள் அடைமழையாகக் கொட்டிவிட்டுப் பத்து நாள் ஓய்ந்திருக்கும். தாழமுக்கம் நம் பக்கம் வந்தால் வயல் நிரம்பும், தெற்கே திரும்பினால் வாடை வெறும் குளிராகப் போய்விடும். 'வாடை எழும்பிவிட்டது, இனி மழைதான்' என்று மட்டும் எண்ணி விதைக்கக்கூடாது. வாடை பாதை திறக்கிறது. மழையைக் கொண்டு வருவது அந்தப் பாதையில் வரும் தாழமுக்கம்.

லூக்கா நற்செய்தியில், மேற்கே முகில் எழுந்தால் மழை என்றும் தெற்குக் காற்று அடித்தால் வெயில் என்றும் மக்கள் கணித்ததை இயேசு எடுத்துக்காட்டுகிறார். அந்த நாட்டில் கடல் மேற்கே, பாலைநிலம் தெற்கே. அவர்களுக்கு அது சரியான கணிப்பு. அதே அடையாளத்தைத் தீவகத்தில் வைத்துப் பார்த்தால் பிழைக்கும். வானத்தின் அடையாளங்கள் ஊருக்கு ஊர் வேறு. வன்னியில் முப்பது வருடம் பழகிய கணக்கும் தீவகத்துக்கு அப்படியே பொருந்தாது.

4. ஆண்டின் நான்கு காலங்கள்

வளிமண்டலவியல் திணைக்களம் இலங்கையின் ஆண்டை நான்காகப் பிரிக்கிறது. அதைத் தீவகத்து வேலைகளோடு சேர்த்துப் பார்ப்போம்.

மார்ச், ஏப்பிரல்: காற்று மாறும் முதல் இடைக்காலம். காற்று பலமில்லை, புழுக்கம் அதிகம். பின்னேரங்களில் இடிமுழக்கத்துடன் மழை வரலாம். பெரிய நிலப்பரப்பு சூடேறித்தான் இந்த இடிமுகில் திரளும். சிறிய தீவு அவ்வளவு சூடேறாது. வன்னிப் பக்கம் மின்னுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம், எங்களுக்கு ஒரு துளியும் விழாது. சித்திரை மழை கிடைத்தால் நிலத்தை ஒரு முறை உழுது புரட்டிவிடுங்கள். புல்பூண்டின் வேர் வெயிலில் காயும். ஆனால் அந்த மழையை நம்பிப் பணம் போட வேண்டாம்.

மே முதல் செப்ரெம்பர் வரை: சோளகம். வெயிலும் காற்றும் சேர்ந்து ஈரத்தை உறிஞ்சும் காலம். கிணறு இறங்கும், உவர் ஏறும். கடல் கொந்தளிக்கும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் போகும் பயணம் கடினமாகும் நாட்களும் இதில் உண்டு. அரிசி, மருந்து, மாட்டுத் தீவனம் முதலியவற்றை முன்கூட்டியே எடுத்துவைப்பது புத்தி. வேலி கட்டவும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கவும், கேணி, துரவுகளைத் தூர்வாரவும் இதுவே காலம்.

ஒக்ரோபர், நவம்பர்: இரண்டாவது இடைக்காலம். முதலில் இடிமழை, பிறகு தாழமுக்க மழை. யாழ்ப்பாணத்தின் ஆண்டு மழை சுமார் 1200 முதல் 1300 மில்லிமீற்றர். அதில் அரைவாசிக்கு மேல் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் விழுந்துவிடும். நவம்பரே உச்சம். வருடம் முழுவதற்குமான சம்பளத்தை மூன்று மாதத்தில் வாங்குவதற்கு இது சமம். வாங்கியதைப் பத்திரப்படுத்தாவிட்டால் மிகுதி ஒன்பது மாதமும் கடன்தான்.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை: வாடை நிலைத்து வீசும் காலம். டிசம்பரில் மழை நன்றாக உண்டு. தை பிறந்தபின் குறைந்து, மாசியில் பனியும் குளிரும் மிஞ்சும். பிள்ளைகள் பட்டம் ஏற்றும் காற்று இதுதான். பட்டத்தின் நூல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தால் வாடையின் திசையைப் பிள்ளைகளுக்கே சொல்லிக் கொடுக்கலாம்.

5. விதைப்பை எப்போது தொடங்குவது?

வேலணை, புங்குடுதீவு, காரைநகர் வயல்களில் காலபோகம் ஒன்றுதான். தவறினால் மறுபடி வாய்ப்பு அடுத்த ஆண்டு. ஆகவே இந்தப் பகுதியை ஆறுதலாக வாசியுங்கள்.

செப்ரெம்பர் கடைசியிலோ ஒக்ரோபர் தொடக்கத்திலோ ஒரு நல்ல இடிமழை பெய்யும். மண் வாசனை எழும், மனம் துள்ளும். அந்த மழையை நம்பி விதைத்தபின் இரண்டு மூன்று கிழமை வெயில் அடித்தால், முளைத்த நெல் கருகும். அது பொய் மழை. இதற்கு எதிராக மூன்று காவல்கள் உண்டு.

முதலாவது காவல், மண்ணைக் கேட்பது. மழை பெய்த மறுநாள் மண்வெட்டியால் வெட்டிப் பாருங்கள். ஈரம் ஒரு சாண் ஆழத்துக்காவது இறங்கியிருக்க வேண்டும். மேலே நாலு விரல் நனைந்து கீழே தூசியாக இருந்தால் பொறுத்திருங்கள்.

இரண்டாவது காவல், விதையைப் பிரிப்பது. வைத்திருக்கும் விதை முழுவதையும் ஒரே நாளில் போடாதீர்கள். ஒரு பகுதியை முதலிலும் மறு பகுதியை ஒரு கிழமை அல்லது பத்து நாள் பின்னாலும் விதையுங்கள். ஒரு சிறு பங்கைக் கையில் வைத்திருங்கள், மறுவிதைப்புக்கு உதவும்.

மூன்றாவது காவல், முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணுவது. நெல்லுக்குத் தண்ணீர் மிக அவசியமான காலம் பூக்கும் பருவம். அது அறுவடைக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன் வரும். தை நடுப்பகுதிக்குப் பின் மழையை எண்ணக்கூடாது என்று வைத்துக்கொள்வோம். மொட்டைக்கறுப்பன் போன்ற நாலரை மாதம் எடுக்கும் நெல்லை ஒக்ரோபர் 1இல் விதைத்தால் சனவரி நடுப்பகுதியில் பூக்கும். மட்டுமட்டாகத் தப்பும். அதையே நவம்பர் 1இல் விதைத்தால் பெப்ரவரி நடுவில் பூக்கும், பதராகிவிடும். மூன்று மாத நெல்லை நவம்பர் 1இல் விதைத்தால் டிசம்பர் முடிவில் பூத்து சனவரி இறுதியில் அரிவுக்கு வரும். பத்தலகொடை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பீ.ஜீ. இனங்களின் இலக்கமே வயதைச் சொல்லும்: 250 என்றால் இரண்டரை மாதம், 300 என்றால் மூன்று மாதம், 360 என்றால் மூன்றரை மாதம். மழை பிந்தினால் நெல்லின் வயதைக் குறையுங்கள். எது உங்கள் மண்ணுக்குப் பொருந்தும் என்று கமநல சேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் கேளுங்கள்.

உவர் கலந்த வயலில் முதல் மழைத் தண்ணீரை வெளியே விடுங்கள். அது சோளகத்தில் மேலேறிய உப்பைக் கழுவிக்கொண்டு போகும். இரண்டாவது மழையிலிருந்து வரம்பை அடைத்துத் தேக்குங்கள்.

6. வீட்டில் ஒரு மழைமானி

விலைகொடுத்து வாங்கத் தேவையில்லை. வாயும் அடியும் ஒரே அகலமான, நேரான சுவருள்ள ஒரு தகரப் பேணி போதும். மரத்துக்கும் வீட்டுக்கும் அப்பால், அவற்றின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் வெளியான இடத்தில் ஒரு தடியில் கட்டுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்குப் பள்ளிக்கூட அடிமட்டத்தை விட்டு அளந்து, கொப்பியில் எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். திணைக்களமும் காலை 8.30ஐயே கணக்கு நேரமாகக் கொள்கிறது. உங்கள் அளவையும் யாழ்ப்பாண அளவையும் ஒப்பிடலாம்.

ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் தண்ணீர். தோட்டக் காணிக் கணக்கில் பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். ஒரு பரப்பு ஏறக்குறைய 253 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு பரப்பில் 6300 லீற்றருக்குச் சற்று மேலே விழுகிறது. இயந்திரம் வைத்து இறைக்க எவ்வளவு எண்ணெய் வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

கூரையையும் மறக்கவேண்டாம். 500 சதுர அடி ஓட்டுக் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழைக்கு, சிந்திச் சிதறியது போக, 37 லீற்றர் பிடிக்கலாம். 50 மில்லிமீற்றர் மழை ஒன்றில் 1850 லீற்றர். ஐந்து பேருள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் எடுத்தால் அது 74 நாளுக்குப் போதும். 5000 லீற்றர்த் தொட்டி நிரம்ப 135 மில்லிமீற்றர் மழை போதும். அது 200 நாளைத் தாங்கும். மாரியின் முதல் மழையால் கூரையைக் கழுவவிட்டு, அதன் பிறகு தொட்டிக்குக் குழாயைத் திருப்புங்கள். தொட்டியை இறுக மூடி வையுங்கள், நுளம்பு பெருகாது.

7. நிலத்தடியில் ஒரு குளம்

தீவகத்தின் குளம் நிலத்தின் அடியில் இருக்கிறது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே இருக்கும் கடல்நீரின் மேல் மிதக்கிறது. உவர்நீர் பாரம், நன்னீர் இலேசு. கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இரு ஐரோப்பியர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் நிற்கும்.

இது கேட்க மகிழ்ச்சியான கணக்கு. ஆனால் திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு அடி குறைந்து அப்படியே நீடித்தால், கீழிருந்து உவர் நாற்பது அடி ஏற வழி திறக்கிறது. துலாவும் பட்டையும் கொண்டு இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவல். இயந்திரத்துக்குக் களைப்பு இல்லை. ஆகவே காவலை நாமே வைக்க வேண்டும்.

தொடர்ந்து நாலு மணித்தியாலம் இறைப்பதிலும் பார்க்க, காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாக இறைப்பது நல்லது. கிணற்றுச் சுவரில் ஒரு கோடு கீறி, தண்ணீர் அதற்குக் கீழே போனால் நிறுத்துங்கள். நீண்ட காலம் கைவிடப்பட்ட கிணற்றைத் துப்புரவாக்கலாம். ஆனால் தண்ணீர் கூடட்டும் என்று ஆழமாக வெட்டவேண்டாம், உவரைத்தான் சந்திப்பீர்கள். வேலணைச் சாட்டியிலும் நெடுந்தீவுச் சாராப்பிட்டியிலும் நல்ல தண்ணீர் கிடைப்பதால் பல குடும்பங்கள் அவற்றை நம்பியிருக்கின்றன. அப்படியான இடங்களில் மண் அகழ்வதும் கழிவு கொட்டுவதும் முழு ஊரின் வாயில் உப்பிடுவதாகும்.

குளம், கேணி, துரவு ஆகியவை மழைநீரை நிலத்தில் இறங்கவைக்கும் வாசல்கள். காணிச் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, துரவு தூர்ந்து கிடக்கும் இடங்கள் பல. அவர்களோடு பேசி, அனுமதி பெற்று, சோளகம் முடிவதற்குள் ஊராக இறங்கித் தூர்வாருங்கள்.

8. காற்றுக்கு வேலி

சோளகம் இலையின் ஈரத்தையும் மண்ணின் ஈரத்தையும் இழுக்கும். கடலோரத்தில் உப்பையும் தூவும். நெடுந்தீவு மக்கள் முருகைக்கல்லை அடுக்கி வேலி கட்டினார்கள். மற்றத் தீவுகளில் பனையும் பூவரசும் கிளுவையும் காவல் நின்றன. தோட்டத்துக்குத் தெற்கிலும் மேற்கிலும் முதலில் வேலி போடுங்கள், சோளகம் வருவது அங்கிருந்துதான். காற்றை முழுதாக அடைக்கும் சுவரிலும் பார்க்க, பாதியை வடிய விடும் மர வேலி நல்லது. சுவருக்குப் பின்னால் காற்று சுழன்று விழும். பனங்கொட்டை நடுவதற்கு ஆவணி, புரட்டாதி நல்ல காலம், வரும் மாரி அதை வேர்பிடிக்க வைக்கும்.

இந்தக் காற்றே ஒருநாள் வருமானமும் தரலாம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றிலும் வெயிலிலும் இருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

9. முன்னறிவிப்பை வாசிப்பது எப்படி?

நாளாந்த அறிவிப்பில் 'வட மாகாணத்தில் சில இடங்களில் மழை' என்றால் உங்கள் வயலில் நிச்சயம் மழை என்று பொருளல்ல. '100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை' என்றால் வரம்பைத் திறந்து, விதைப்பைத் தள்ளிப்போட்டு, மாட்டை மேட்டில் கட்ட வேண்டிய நேரம்.

பருவகால முன்னோக்கு வேறு வகை. அது மழையை மூன்று கூறாக்கும்: வழமையிலும் குறைவு, வழமை, வழமையிலும் அதிகம். ஒன்றும் தெரியாத ஆண்டில் ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு 33. 'அதிகம் 45' என்று சொன்னால் அந்தப் பக்கம் தராசு சற்றுச் சாய்ந்திருக்கிறது என்பதே பொருள். மிகுதி 55ம் இன்னும் தட்டில் இருக்கிறது. விதையைப் பிரித்துப் போடுவதைக் கைவிட இது காரணமாகாது.

எல்நினோ என்றால் வறட்சி என்று பலர் அஞ்சுகிறார்கள். பசிபிக் கடல் சூடேறும் அந்த ஆண்டுகளில் எங்கள் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மழை கூடுவதற்கே சாய்வு அதிகம். அதன் பின் வரும் சனவரி முதல் மார்ச் வரை குறையச் சாய்வு உண்டு. லாநினா ஆண்டுகளில் ஒக்ரோபர் முதல் டிசம்பர் மழை குறையலாம். இவை சாய்வுகள், சட்டங்கள் அல்ல.

தாழமுக்கம் எங்கே இருக்கிறது என்று காற்றே காட்டும். காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். உங்கள் இடது கைப்பக்கம் தாழமுக்கம் இருக்கும். வடக்குக் காற்று என்றால் அது கிழக்கே கடலில் நிற்கிறது, கிழக்குக் காற்று என்றால் தெற்கே போகிறது. தென்கிழக்குக்குத் திரும்பினால் மேற்கே கடந்துவிட்டது. சூறாவளியின் நடுவில் காற்று திடீரென ஓய்ந்தால் முடிந்துவிட்டது என்று வெளியே வராதீர்கள். கண் கடந்தபின் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் மீண்டும் அடிக்கும்.

1964 டிசம்பர் 22இல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலை மூத்தவர்கள் மறக்கவில்லை. 2008 நவம்பரின் 'நிஷா' யாழ்ப்பாணத்தை வெள்ளத்தில் ஆழ்த்தியது. 2020 டிசம்பர் 2இல் 'புரெவி' திருகோணமலைக்கு வடக்கே கரையேறியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' நாடு முழுவதையும் உலுக்கியது. திகதிகளைப் பாருங்கள். எல்லாம் நவம்பர், டிசம்பர். எங்கள் மழைக்காலமும் புயற்காலமும் ஒன்றே. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விதைநெல் மூன்றையும் கார்த்திகை பிறக்குமுன் நீர் புகாத பையில் கட்டி உயரத்தில் வையுங்கள். இடம்பெயர்ந்த வேளைகளில் உறுதியைத் தொலைத்த குடும்பங்களுக்கு இதன் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை.

10. குழுவாகச் செய்ய

(அ) உங்கள் குழுவில் மூத்தவர் மூவரிடம், விதைப்புக்கு எந்த அடையாளங்களைப் பார்த்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். ஊரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

(ஆ) பேணியில் மழைமானி செய்து, வருகிற ஒக்ரோபர் 1 முதல் பதியத் தொடங்குங்கள். பொறுப்பைப் பாடசாலைப் பிள்ளை ஒருவரிடம் கொடுங்கள்.

(இ) சோளக முடிவிலும் மாரி முடிவிலும் ஊர்க் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கயிறு கட்டி அளந்து குறியுங்கள். எந்தக் கிணறு உவர் மாறியது?

(ஈ) இன்னும் திரும்பாத குடும்பங்கள், காணிக்கு ஒருமுறை போய் வருவதானால் எந்த மாதம் போவீர்கள்? கிணற்றின் உண்மை நிலையைப் பார்க்கப் புரட்டாதி மாதமே ஏற்றது. மாரியில் எல்லாக் கிணறும் நல்ல கிணறாகவே தெரியும்.

ஐந்து ஆண்டுகள் இப்படிப் பதிந்த ஒரு கொப்பி உங்கள் கையில் இருந்தால், உங்கள் துண்டுக் காணியின் மழையைப் பற்றி எந்தக் கந்தோரிலும் இல்லாத அறிவு உங்களிடம் இருக்கும். அதைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். காணி உறுதியோடு அந்தக் கொப்பியும் அவர்கள் கைக்குப் போகட்டும்.